மன்னிப்பும் தங்கையின் பங்கும்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய அருள்தந்தை அவர்களுக்குத் தோத்திரம். எனக்கு வயது 57. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா கட்டிய வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். எனக்கு ஒரே தங்கை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அம்மா முன்பே போய்விட்டார்கள். அப்பாவும் 2009-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' என்று பெயரிடப்பட்ட புயலில் தங்கை வீட்டுத் தோப்பு முழுவதும் சாய்ந்தது. மறு மாதம் அவள் பண உதவி கேட்டு வந்தாள். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். வீடு என் பெயருக்கு மாறினால்தான் வங்கியில் கடன் வாங்கி மேற்கொண்டு உதவ முடியும், உன் பங்கு எங்கேயும் போகாது என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய்க் கையெழுத்தும் வாங்கினேன். அது, தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம். அண்ணன் சொன்னால் சரி என்று அவள் படித்துப் பார்க்காமலே போட்டாள். கடன் எதுவும் நான் வாங்கவில்லை. வீட்டின் முன்பகுதியைக் கடையாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

தங்கையின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறாள். போன வருடம் உறவினர் வீட்டுப் புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் எல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

"சொத்து விஷயத்தில் தங்கையிடம் சரியாக நடந்துகொள்ளவில்லை" என்று பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, பலமுறை சொல்லிவிட்டேன். பாவமன்னிப்புக் கொடுத்து, மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆண்டுதோறும் வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போகிறேன். கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருவிழாவுக்குக் காணிக்கை கொடுக்கிறேன். லுத்தரன் சபை நண்பர் ஒருவர், கிருபையினாலே இரட்சிக்கப்பட்டாயிற்று, பழையதைக் கிளறுவதே அவிசுவாசம் என்கிறார். செபக்கூட்டம் நடத்தும் ஒருவர், என் மகளுக்கு வரன் அமையாமல் தள்ளிப்போவது இந்தப் பாவத்தின் சாபம், உபவாச செபம் வைத்து முறிக்க வேண்டும் என்கிறார். இப்போது வெளியே சொன்னால் கல்யாணமே நடக்காது என்று மனைவி அழுகிறாள். கடவுள் என்னை மன்னித்துவிட்டாரா? மன்னித்திருந்தால் மனம் ஏன் ஆறவில்லை? தங்கையிடம் சொல்லியே ஆக வேண்டுமா? அதுவரை நான் நற்கருணை வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

தங்கையின் கறுத்த விரல்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியைக் கடந்து மேலே படிக்க எனக்கு நேரமாயிற்று. பந்தியில் பக்கத்தில் அமர்ந்து உண்பவரின் கையைக் கண்டு ஒருவருக்கு உறக்கம் போகிறது என்றால், அவருடைய மனசாட்சி இன்னும் விழித்திருக்கிறது. இந்த உறக்கமின்மையைச் சாபமோ என்று அஞ்சுகிறீர்கள். கடவுளின் அருள் உங்களிடம் வேலை செய்யத் தொடங்கியிருப்பதன் அடையாளம் என்றே நான் அதைப் பார்க்கிறேன். இது ஆறுதலுக்காகச் சொல்வதன்று. 529-ஆம் ஆண்டு இன்றைய பிரான்சின் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், நம்பிக்கையின் தொடக்கமும், கடவுளை நோக்கித் திரும்ப வேண்டும் என்ற முதல் விருப்பமும்கூட அருளின் கொடையே என்று அறிவித்தது. தன் பாவத்தைப் பாவம் என்று ஒருவர் காணும்போதே, அவர் தேடத் தொடங்கும் முன்பே, கடவுள் அவரைத் தேடி வந்துவிட்டார்.

உங்கள் கேள்விகளுக்கு அடியில் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்று உங்களுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. மற்றொன்று உங்களுக்கும் தங்கைக்கும் இடையில் உள்ளது. கடவுளிடம் விலை கொடுத்துத் தீர்க்க வேண்டியது உங்களுக்கு எதுவும் இல்லை. தங்கையிடம் கொடுத்துத் தீர்க்க வேண்டியது இருக்கிறது. நீங்களோ இத்தனை ஆண்டுகளாக, விலை கேட்காத கடவுளுக்கு நடையாகவும் காணிக்கையாகவும் விலை கொடுத்துக்கொண்டு, கொடுக்க வேண்டியவருக்கு எதுவும் கொடுக்காமல் இருக்கிறீர்கள். மனம் ஆறாததற்கு முதன்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் கணக்கை முதலில் பார்ப்போம். பாவமன்னிப்பு இலவசமானது என்பது ஏதோ ஒரு சபையாரின் தனிக் கருத்து என்ற எண்ணம் நம் கத்தோலிக்க மக்களிடையே இருக்கிறது, அது சரியன்று. பாவி கடவுளுக்கு ஏற்புடையவர் ஆவதற்கு முன் அவரிடம் உள்ள எதுவும், நம்பிக்கையோ செயலோ, அந்த அருளை ஈட்டித் தருவதில்லை என்று 1547-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதினார். நாம் திருந்திய பிறகு, அல்லது திருந்துவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகு, என்று அவர் எழுதவில்லை.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன மகன் உவமையும் ஒரு சொத்துப் பங்கு விவகாரத்தில்தான் தொடங்குகிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே தன் பங்கைக் கேட்டு வாங்கிப் போன மகன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் இடத்தில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயாரிக்கிறான். அப்பா, பாவம் செய்தேன். உம் மகன் எனப்பட நான் தகுதியற்றவன். உம் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது அந்தப் பேச்சு. அதன் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். கூலியாளாக உழைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்று அவன் கணக்குப் போடுகிறான். ஆனால் அவன் தொலைவில் வரும்போதே அப்பா கண்டு, பரிவு கொண்டு, ஓடிப் போய்க் கட்டி அணைத்து முத்தமிடுகிறார். மகன் தயாரித்து வந்ததைச் சொல்லத் தொடங்குகிறான். கூலியாள் பற்றிய பகுதி அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா பணியாளர்களை அழைத்து முதல்தரமான ஆடையையும் மோதிரத்தையும் மிதியடியையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். உழைத்து அடைக்கிறேன் என்ற பேரத்தை அப்பா கேட்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கடவுளோடு நம் கணக்கு இப்படித்தான் தீர்கிறது. அவர் உங்களை மன்னிப்பாரா என்று நீங்கள் ஐயுற வேண்டியதில்லை. நீங்கள் கடலூரிலிருந்து வில்லியனூருக்கு நடப்பதற்கு முன்பே அவர் ஓடி வந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே உங்கள் லுத்தரன் நண்பர் சொன்னதன் முதல் பாதி உண்மை. ஆற்காடு லுத்தரன் திருச்சபை கடலூரையே தலைமையிடமாகக் கொண்டது. அந்த ஊரில் இரு சபையாரும் அக்கம்பக்கமாக வாழ்ந்து வருகிறவர்கள். எனவே இதை மரியாதையோடும் உரிமையோடும் சொல்கிறேன். 1999 அக்டோபர் 31-ஆம் நாள் செருமனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையொப்பமிட்ட கூட்டு அறிக்கை, அருளால் மட்டுமே, நம்மிடம் எந்தத் தகுதியும் இருப்பதால் அன்றி, கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு சபைகளின் சார்பிலும் அறிக்கையிடுகிறது. அதே வாக்கியம் தொடர்ந்து, அப்படி ஏற்றுக்கொள்ளும் கடவுள் தூய ஆவியாரைத் தந்து நம் இதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார் என்றும் சொல்கிறது. உங்கள் நண்பர் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

பழையதைக் கிளறாதே என்ற இரண்டாம் பாதி அவருடைய சபையின் போதனையும் அன்று. 1517-இல் அந்தச் சபை மரபைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, மனம் மாறுங்கள் என்று இயேசு சொன்னபோது நம்பிக்கை கொண்டோரின் வாழ்நாள் முழுவதும் மனமாற்றமாக இருக்க வேண்டும் என்று விரும்பினார் என்பதுதான். நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மரபில் வந்த டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் செருமானியப் போதகர், மனமாற்றம் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பை மலிவான அருள் என்று 1937-இல் கடுமையாகக் கண்டித்தார். நாசி ஆட்சியை எதிர்த்து நின்று 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டவர் அவர். அருள் இலவசம் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை; அந்த அருள் மனிதனை அவன் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை.

இனி இரண்டாம் கணக்குக்கு வருகிறேன். இது உங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனால் மறைத்துச் சொன்னால் உங்களுக்கு நான் உதவியவன் ஆகமாட்டேன்.

உங்கள் கடிதத்தை, ஒரு காலத்தில் செய்துவிட்ட பாவத்தைப் பற்றி எழுதுவது போலவே எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அந்தப் பாவம் சார்பதிவாளர் அலுவலகத்தோடு முடிந்துவிடவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் வாடகையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, அதில் பாதி உங்கள் தங்கையுடையது. நீங்கள் அதை வாங்கி உங்கள் பெட்டியில் வைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு. உங்கள் தாயார் முன்பே இறந்துவிட்டதால் அந்த வீடு உங்கள் இருவருக்கும் சரிபாதி. பொய் சொல்லிப் பெற்ற கையெழுத்து பத்திரத்தில் பெயரை மாற்றலாம்; உடைமையின் நியாயத்தை அது மாற்றாது. ஆகவே நீங்கள் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருப்பது, விட்டுவிட்ட ஒரு பாவத்துக்கான மன்னிப்பை அன்று. இன்னும் கையில் பிடித்திருக்கும் ஒரு பாவத்துக்கான மன்னிப்பை. காலில் தைத்த முள்ளை எடுக்காமல் மேலே மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே இருந்தால் வலி எப்படித் தீரும்?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குற்றவாளிகளுக்காக ஆயர்கள் பரிந்து பேசுவது முறையா என்று ஆப்பிரிக்காவின் உரோமை அரசு அதிகாரியான மசெதோனியுஸ், அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தினாரைக் கேட்டார். அருளைப் பற்றி அகுஸ்தினாரை விடப் பெரிதாகப் பேசியவர் திருச்சபையில் இல்லை. அவரே அந்தப் பதில் கடிதத்தில், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காமல் இருந்தால், மனம் வருந்துவதாகச் சொல்வது பாசாங்கு. திருப்பிக் கொடுக்க முடியும்போது, எடுத்ததைக் கொடுத்தாலன்றிப் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று எழுதினார். திருப்பிக் கொடுப்பது மன்னிப்புக்கான விலை என்று இதற்குப் பொருள் இல்லை. எடுத்ததை வைத்துக்கொண்டே இருப்பவர், திறந்த கையோடு கொடுக்கப்படும் மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளக் கையை இன்னும் திறக்கவில்லை என்றே பொருள். முடியும்போது என்ற சொல்லையும் கவனியுங்கள். இல்லாதவரிடம் திருச்சபை கேட்பதில்லை. உங்களிடம் வீடு இருக்கிறது, வாடகையும் வருகிறது.

எரிகோவின் வரிதண்டுவோர் தலைவர் சக்கேயுவின் நிகழ்ச்சியில் இந்த வரிசைமுறை மிகத் தெளிவாக இருக்கிறது. இயேசு அவரைப் பார்த்து, முதலில் ஏமாற்றிய பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அத்தி மரத்தின்மேல் இருந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, இன்று உம் வீட்டில் தங்க வேண்டும் என்றார். கூட்டம் முணுமுணுத்தது. குற்றச்சாட்டு ஒன்றையும் கேளாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்த மனிதர் எழுந்து நின்று, பாதி உடைமையை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுப்பதாகச் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தன் வாழ்நாளெல்லாம் பணத்தை இறுகப் பிடித்திருந்த ஒருவருக்கு, அதை விட்டுவிடும் வலிமை அருளிலிருந்து வந்தது. உங்களுக்கும் அதே வரிசையில்தான் வரும் என்று நம்புகிறேன்: மன்னிக்கப்பட்டவராக எழுந்து போய்த் தங்கையின் பங்கைக் கொடுங்கள், கொடுத்து மன்னிப்பை வாங்கலாம் என்று போகாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "சரியாக நடந்துகொள்ளவில்லை" என்று நீங்கள் சொன்னதைக் கேட்ட குருவானவர், தங்கையிடம் கோபமாகப் பேசியிருப்பார், விசேஷத்துக்கு அழைக்காமல் விட்டிருப்பார் என்றுதான் நினைத்திருப்பார். மூன்று மங்கள வார்த்தைச் செபம் அந்தப் பாவத்துக்குக் கொடுக்கப்பட்டது. பெரும் பாவத்தை அதன் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்று திருச்சபை கேட்பது உங்களை அவமானப்படுத்துவதற்காக அன்று. மூடி வைத்த காயத்தை மருத்துவர் பார்க்க முடியாது என்பதால்தான். "தந்தையே, என் தங்கையிடம் பொய் சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, அவள் பங்கு வீட்டை எடுத்துக்கொண்டேன்; அதன் வாடகையை இன்றுவரை அனுபவிக்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பங்குத்தந்தை தெரிந்தவர் என்ற தயக்கம் இருந்தால் வேறு ஊருக்குப் போகலாம். புதுச்சேரியில் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு வந்து முகம் தெரியாத குரு ஒருவரிடம்கூடச் சொல்லலாம். அறிக்கையில் கேட்டதை எந்தச் சூழலிலும் எந்தக் குருவும் வெளியிட முடியாது.

இந்த இடத்தில் வேறு வகையான வாசகர்களையும் நினைத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தெளிவாக அறிக்கையிட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகும், மன்னிக்கப்படவில்லையோ என்று பல ஆண்டுகள் அஞ்சி நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது முற்றிலும் வேறு: உணர்ச்சியைப் பார்க்காதீர்கள், கடவுளின் வாக்கைப் பாருங்கள், திரும்பத் திரும்ப அதே பாவத்தை அறிக்கையிடுவதை நிறுத்துங்கள். உங்கள் அமைதியின்மை அந்த வகையைச் சேர்ந்தது அன்று. அதற்கு உண்மையான, கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று இருக்கிறது.

வில்லியனூர் நடைப்பயணத்தையும் கோணான்குப்பம் காணிக்கையையும் நான் இகழவில்லை. நம் மக்களின் மாதா பக்தி என்னையும் வளர்த்த பக்தி. ஆயினும் மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது ஐயத்துக்கு இடமில்லாதது. காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது, உன்மேல் உன் சகோதரருக்கு மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார். லேவியர் நூலும் பிறர் பொருளை வஞ்சித்தவர், குற்றநீக்கப் பலி செலுத்தும் நாளிலேயே அதை முழுவதும், மேலும் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து, உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அன்னைக்குக் கொடுக்கும் காணிக்கையில் தங்கையின் வாடகைப் பணமும் கலந்திருக்கிறது. இந்த ஆண்டு அந்தப் பணத்தை அது யாருடையதோ அவரிடம் கொடுங்கள்.

மகளின் திருமணத்தைச் சாபத்தோடு முடிச்சுப் போட்டவர் சொன்னதை முழுமையாக விட்டுவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்று எசேக்கியேல் நூல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்தார். மூன்றாம், நான்காம் தலைமுறை வரை என்ற விடுதலைப் பயண நூலின் சொற்களை அந்தச் செபக்கூட்டக்காரர் உங்களிடம் எடுத்துக் காட்டியிருக்கலாம். அடுத்த வரியிலேயே ஆயிரம் தலைமுறைக்குக் காட்டப்படும் பேரன்பு சொல்லப்படுகிறது. இக்காலத்தில் வரன் அமையத் தாமதமாகும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ. உங்கள் மகளின் வாழ்க்கையைப் பிணையாக வைத்து உங்களிடம் கடன் வசூலிக்கும் கடவுளை இயேசு நமக்கு அறிவிக்கவில்லை. இந்த அச்சத்தால் தங்கையிடம் போகாதீர்கள். கல்யாணம் கூடிவரட்டும் என்று பங்கைக் கொடுத்தால், அதுவும் கடவுளோடு இன்னொரு பேரம் ஆகிவிடும்.

உங்கள் மனைவியின் அழுகையை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தாய், அஞ்சுகிறார். ஆனால் வரன் பேச வருகிறவர்களிடம் முழு வீட்டையும் உங்களுடையதாகக் காட்டுவது இன்னொரு குடும்பத்தையும் ஏமாற்றுவதாகும். அதை அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். முதலில் மனைவியிடம் முழுவதையும் சொல்லுங்கள், பிறகு மகளிடமும் சொல்லுங்கள். திருமண வயதில் இருக்கும் பெண்ணுக்குத் தன் அப்பா ஒரு தவறைச் சரிசெய்கிறார் என்று தெரிவதால் கெடுதல் வராது. அத்தையின் விரல்களை அந்த விருந்தில் அவரும் பார்த்திருக்கக்கூடும்.

அடுத்து, தங்கையைப் பார்க்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பத்திரம் எழுதும் முறைகள் என் துறை அல்ல. பாதி வீட்டைத் தங்கை பெயருக்குத் தானசெட்டில்மென்ட் (கொடைப் பத்திரம்) எழுதுவதா, விற்றுப் பங்கிடுவதா, இன்றைய மதிப்பில் பாதியைப் பணமாகக் கொடுப்பதா, ஒவ்வொன்றுக்கும் பதிவுச் செலவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அவற்றில் எது என்று முடிவு செய்ய வேண்டியவர் தங்கைதான். முன்பு அவருக்காக நீங்கள் முடிவு செய்ததால் வந்ததே இந்த நிலை. இதுவரை வந்த வாடகையிலும் அவருக்குப் பாதி உண்டு. வீட்டு வரி, மராமத்து, கடை கட்டிய செலவு ஆகியவற்றை நியாயமாகக் கழிப்பதில் தவறில்லை. கணக்கை எழுதி அவரிடம் காட்டுங்கள். அன்று கொடுத்த ஐம்பதாயிரத்தை மட்டும் கழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். புயலில் தோப்பை இழந்து வந்த தங்கைக்கு அண்ணன் கொடுத்த உதவியாகவே அது இருந்துவிடட்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால், தவணை முறையில் கொடுங்கள். ஆனால் அது எழுத்தில் இருக்கட்டும். நாளை உங்களுக்கு ஏதாவது ஆனாலும் அவர் உரிமை நிற்க வேண்டும்.

பிறகு தங்கையின் வீட்டுக்கு நீங்களே போங்கள். உங்கள் வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம். உறவினரையோ பங்குத்தந்தையையோ தூது விடவும் வேண்டாம். அவர் வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை நல்லது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தெரிந்தும் அண்ணனைக் கேட்கக் கூசி இருந்திருக்கவும் கூடும். எப்படியானாலும், சுற்றி வளைக்காமல், கையெழுத்து வாங்கியபோது சொன்னது பொய் என்பதை முதலில் சொல்லுங்கள். அன்றைய நெருக்கடி, மனைவியின் வற்புறுத்தல், ஊர் வழக்கம் என்று எதையும் கூடச் சேர்க்காதீர்கள். நம் சமூகத்தில் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது செய்த சீரே அவள் பங்கு என்ற பேச்சு கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. அந்தப் பேச்சைத் தங்கையின் முன் எடுக்கவே வேண்டாம். நீ மன்னித்தால்தான் எனக்கு நிம்மதி என்றும் சொல்லாதீர்கள். வீட்டை எடுத்தது போதாதென்று, உங்கள் நிம்மதியின் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றுவதாகும்.

அவர் மன்னிக்காமல் போகலாம். கோபப்படலாம், அழலாம், பங்கை வாங்கிக்கொண்டு இனி என் வாசலுக்கு வராதே என்றும் சொல்லலாம். ஏழு எழுபது முறை மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தை இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த வார்த்தை மன்னிக்க வேண்டியவரிடம் ஆண்டவர் சொன்னது. அதைத் தங்கைக்கு எடுத்துக்காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. கணவரை இழந்து, கொட்டை உடைத்துப் பிழைத்த இத்தனை ஆண்டுகளை அவர் புதிதாக நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் காலம் ஆகும். அவர் மன்னித்தால் அது அவருடைய கொடை. மன்னிக்காவிட்டாலும் அவருடைய பங்கு அவருடையதே. கடவுள் உங்களுக்குக் கொடுத்த மன்னிப்பும் அதனால் குறைவதில்லை.

தன் படைவீரரான உரியாவைக் கொல்லச் செய்த தாவீது அரசர் இறைவாக்கினர் நாத்தானிடம் பாவத்தை ஒப்புக்கொண்டபோது, ஆண்டவர் உம் பாவத்தை நீக்கிவிட்டார் என்ற பதில் உடனே வந்தது. ஆனால் உரியாவுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கத் தாவீதால் இயலவில்லை. உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறார். கடலூரிலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இருக்கிறார். தாமதிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாக, நற்கருணையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்திரப்பதிவு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. திருப்பிக் கொடுப்பது என்ற உறுதியான முடிவோடு, நான் மேலே சொன்னபடி தெளிவாக அறிக்கையிட்டுப் பாவமன்னிப்புப் பெற்றால், அன்றே நற்கருணை வாங்கலாம். கொடுத்து முடித்த பின்புதான் மன்னிப்பு என்று திருச்சபை சொல்லவில்லை. கொடுக்க மனமில்லாமல் மன்னிப்புக் கேட்பதைத்தான் ஏற்பதில்லை. முடிவு இன்னும் எடுக்கவில்லை என்றால், அது வரை வாங்காமல் திருப்பலியில் பங்கேற்று, முடிவெடுக்கும் துணிவைக் கேட்டு மன்றாடுங்கள். அறிக்கை கேட்கும் குருவிடம், தங்கையைப் பார்க்கப் போவதற்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கும்படி நீங்களே கேளுங்கள். அவர் குறித்துக் கொடுக்கும் நாளைத் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்காகவும் உங்கள் தங்கைக்காகவும் நான் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறேன்.